தலையில் அடிபட்டு மாதங்கள் கடந்தும் தீராத தொந்தரவுகள்: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

"மிஸ், ஸ்கான்ல ஒண்டும் இல்லையாம். அப்ப ஏன் எனக்கு மார்க்கட்டுக்குள்ள போக ஏலாம இருக்கு?"

மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் கேட்டது இது. ஒருகாலத்தில் சீருடை போட்டவர், பிறகு கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல வருடங்கள் இருந்தவர். டியூப் லைட் வெளிச்சத்துக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பக்கத்தில் மனைவி. அவர் மடியில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் நாலு விதமான குளிசை, மூன்று கிளினிக் கொப்பி, இரண்டு ஸ்கான் படம். தலையிடிக்கு ஓர் இடம், காதுக்கு ஓர் இடம், கழுத்துக்கு ஓர் இடம், நித்திரைக்கு ஓர் இடம். நாலு பேரும் தங்கள் பங்கைச் சரியாகவே பார்த்திருந்தார்கள். நாலையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இருக்கவில்லை.

நான் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்பவள். இந்த வழிகாட்டியை அவரையும் அவர் மனைவியையும் நினைத்துத்தான் எழுதுகிறேன். வெடி அதிர்ச்சியிலோ, விழுந்தோ, வாகனத்தில் மோதியோ தலை அதிர்ந்து, மூன்று மாதம் கழிந்தும் தலையிடி, தலைச்சுற்று, மறதி, எரிச்சல், நித்திரையின்மை என்று இழுபடுகிறவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இது. படையில் இருந்தவர், இயக்கத்தில் இருந்தவர், 2006 இல் சம்பூர், மூதூர்ப் பக்கம் ஷெல்லடிக்குள் அகப்பட்டவர், போன மாதம் ஹெல்மட் இல்லாமல் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவர் எல்லோருக்கும் இதே படிகள்தான். காயம் எந்தப் பக்கத்தில் நின்று வந்தது என்பதை வைத்துச் சிகிச்சை மாறுவதில்லை.

ஸ்கான் தெளிவாக இருப்பதன் அர்த்தம்

சீ.ரீ ஸ்கான் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் தேடுகிற கருவி. அவை இல்லை என்றால் பெரிய நிம்மதிதான். ஆனால் தலை சடாரென்று ஆட்டப்படும்போது மூளைக்குள் இருக்கும் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன, கலங்களின் இரசாயனச் சமநிலையும் சக்திச் செலவும் குழம்புகின்றன. அது அந்தப் படத்தில் விழாது.

நினைவு தப்பியது 30 நிமிடத்துக்கு மேற்படாமலும், ஞாபகம் அறுந்தது 24 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும், சுயநினைவை 3 முதல் 15 வரை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 13 முதல் 15 வரை புள்ளியும் இருந்தால் அதை 'லேசான' மூளைக்காயம் என்கிறார்கள். நினைவே தப்பாமல், கொஞ்ச நேரம் தடுமாறி நின்றாலும் கணக்கில் வரும். 'லேசான' என்ற சொல் முதல்நாள் ஆபத்தின் அளவைத்தான் சொல்கிறது. பிறகு அந்த மனிதர் படுகிற பாட்டை அது அளப்பதில்லை. இந்த ஒரு சொல்லால் எத்தனை வீடுகளில் "சும்மா நடிக்கிறார்" என்ற பேச்சு வந்திருக்கிறது என்பதைக் கண்டிருக்கிறேன்.

பெரும்பாலானோர் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள் சுகப்படுகிறார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் நீடிக்கிறது. அப்படி நீடிக்கும்போது பெரும்பாலும் ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை. நித்திரை கெட்டால் தலையிடி கூடும், தலையிடிக்குத் தினம் குளிசை போட்டால் குளிசையே தலையிடி தரும். தலைச்சுற்றுக்குப் பயந்து அசையாமல் கிடந்தால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் தலைச்சுற்று கூடும். ஒரு முடிச்சை மட்டும் பிடித்து இழுத்தால் மற்ற முடிச்சு இறுகுகிற கதை இது.

இராணுவ மருத்துவம் தந்த பாடம்

வெடி அதிர்ச்சி மூளையைப் பாதித்ததா, மனதைப் பாதித்ததா என்ற வாதம் முதலாம் உலகப் போர்க் காலத்தது. 'ஷெல் ஷொக்' என்ற சொல்லை 1915 இல் மருத்துவ இதழொன்றில் எழுதிப் பரப்பியவர் சார்ள்ஸ் மயர்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர். நூறு வருடம் கழித்து இன்று கிடைத்திருக்கும் விடை, பலருக்கு இரண்டும்தான் என்பது.

2020 ஜனவரியில் ஈராக்கிலுள்ள அல் அசாத் தளத்தின் மீது ஈரானிய ஏவுகணைகள் விழுந்தன. அமெரிக்கப் படையினர் ஒருவருக்கும் பாதிப்பில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். வாரங்கள் போகப்போக நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூளை அதிர்வுக் காயம் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். வெளிக்காயம் இல்லாமல் நடந்து திரிந்ததால், காயம் இருப்பது யாருக்கும் தெரியவில்லை. 2000 ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கப் படைகளில் பதிவான மூளைக்காயங்கள் நாலு இலட்சத்துக்கும் அதிகம், அவற்றில் பத்தில் எட்டுப் பங்கு 'லேசான' வகை. அவர்கள் 2010 இல் மேரிலாந்தின் பெதஸ்டாவில் இதற்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். அங்குள்ள நாலு வார நிகழ்ச்சியில் நரம்பியல் வைத்தியர், இயன்மருத்துவர், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர், உளநல வைத்தியர், நித்திரை நிபுணர், ஓவியம் வழி மனதைத் திறக்கவைப்பவர் என்று பலர் ஒரே மேசையில் இருந்து ஒரே நோயாளிக்கு ஒரே திட்டம் போடுகிறார்கள். வெற்று முகமூடிக்கு வர்ணம் பூசித் தாங்கள் உள்ளே படுவதைக் காட்டும் வீரர்களின் படங்கள் அங்கிருந்துதான் வந்தன.

திருகோணமலையில் அப்படி ஒரே மேசை நமக்கு இல்லை. ஆனால் ஆட்கள் பலர் வெவ்வேறு இடங்களில் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்ட ஒரு கொப்பியும், அந்தக் கொப்பியைச் சுமக்க ஓர் ஆளும் வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் அந்தக் கொப்பியைச் சுற்றித்தான்.

படி 1: முதலில் ஆபத்தை விலக்குங்கள்

தலையிடி நேரத்துக்கு நேரம் கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாவது, வாய் குழறுவது, ஒரு கை அல்லது கால் பலமிழப்பது, எழுப்பினாலும் எழும்ப முடியாத மயக்கம், காதாலோ மூக்காலோ தெளிந்த நீர் வடிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கொப்பியை மூடி வைத்துவிட்டு 1990 அம்புலன்சை அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் வயதானவர்களும் சின்ன அடியானாலும் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். அடிபட்டுச் சில வாரம் கழித்துப் புதிதாக இப்படி வந்தாலும் இதே விதிதான், மெல்ல மெல்லக் கசிகிற இரத்தம் பிந்தித்தான் தன்னைக் காட்டும்.

படி 2: கொப்பி போடுங்கள்

நூறு பக்கக் கொப்பி ஒன்று போதும். முதல் பக்கத்தில் அடிபட்ட கதையை எழுதுங்கள்: எந்தத் திகதி, எப்படி, வெடியென்றால் எவ்வளவு தூரத்தில், திறந்த வெளியா அறைக்குள்ளா. அடிபடுவதற்கு முன் கடைசியாக ஞாபகம் இருப்பது எது, பின் முதலாவதாக ஞாபகம் வருவது எது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் வைத்தியருக்கு மிகவும் பயன்படும். இதற்கு முன் எத்தனை தடவை தலை அதிர்ந்தது என்பதையும் எழுதுங்கள். படையில் இருந்தவர்கள் இந்த இடத்தில்தான் சிரித்துவிட்டு "எண்ணேலாது" என்பார்கள். பரவாயில்லை, நினைவுக்கு வரும் பெரிய மூன்றையாவது எழுதுங்கள்.

அடுத்த பக்கங்களில் நாளுக்கு ஆறு வரி. நான் அந்த மூதூர்க்காரருக்குப் போட்டுக்கொடுத்த பக்கம் இப்படி இருந்தது:

தலையிடி 6. தலைச்சுற்று 4. நித்திரை: 11 மணிக்குப் படுத்தது, 2 மணிக்கு முழிப்பு, 4.30 மணிக்குப் பிறகு கொஞ்சம். குளிசை: பனடோல் 4. நடை: 10 நிமிடம். இன்றைக்கு ஏலாமல் போனது: பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டம், பாதியில் எழும்பி வந்தது.

0 என்றால் இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது. கடைசி வரியை ஒருநாளும் விடாதீர்கள். வைத்தியருக்கு 'தலையிடி 6' என்பதைவிட 'கூட்டத்தில் இருக்க முடியவில்லை' என்பது அதிகம் சொல்லும். சுகப்படும்போது முதலில் மாறுவதும் பெரும்பாலும் இந்த வரிதான்.

எழுதுவதே தலையிடியைக் கூட்டினால் மனைவியோ, பிள்ளையோ, தங்கையோ எழுதட்டும். அவர்தான் இந்தக் குழுவின் இணைப்பாளர். அமெரிக்கப் படை வைத்தியசாலைகளில் இதற்குச் சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருக்கிறார்கள். நம்முடைய வீட்டில் அதைச் செய்கிறவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதை மற்ற உறவுகள் மறக்கக்கூடாது.

படி 3: யாரிடம், எந்த ஒழுங்கில்

தொடக்கம் பொது வைத்தியர், அல்லது ஆஸ்பத்திரி ஓ.பீ.டி. மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்தவர்கள் அங்குள்ள ஆதார வைத்தியசாலையிலேயே தொடங்கலாம், எடுத்த எடுப்பில் பட்டினத்துக்கு ஓட வேண்டியதில்லை. கொப்பியின் முதல் பக்கத்தைக் காட்டி மூன்றைக் கேளுங்கள்: இரத்த அழுத்தம் படுத்தும் எழும்பி நின்றும் பார்க்க வேண்டும், கழுத்தையும் கண் அசைவையும் நடையையும் சோதிக்க வேண்டும், தேவையான கிளினிக்குகளுக்குக் கடிதம் வேண்டும்.

வெடியில் அடிபட்டவர் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்கைப் பிந்தவிடக் கூடாது. வெடியலையில் செவிப்பறை எளிதில் கிழிந்துவிடும். கேட்கும் திறன் குறைந்தவரை வீட்டில் "சொல்லுறதக் கவனிக்கிறதில்ல" என்று திட்டுவார்கள், அவரும் தனக்கு மறதி என்றே நம்பிவிடுவார். கேள்திறன் சோதனை ஒன்றே அந்தச் சண்டையைத் தீர்த்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு இயன்மருத்துவர், கண் கிளினிக், உளநலப் பிரிவு, தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர். எல்லோரும் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. ஒரே வாரத்தில் நாலு கிளினிக் வைத்தால் பஸ் பயணமே ஆளைப் படுத்தும், ஆகவே வாரத்துக்கு ஒன்று, முடிந்தால் காலையில். ஒவ்வொரு கிளினிக்கிலும் கொப்பியில் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்: என்ன கண்டார்கள், என்ன செய்யச் சொன்னார்கள். அடுத்தவர் அதை வாசித்துவிட்டுத் தொடங்குவார். நரம்பியல் நிபுணரைப் பார்க்கக் கொழும்புக்கோ கண்டிக்கோ போக நேர்ந்தாலும் கையில் இந்தக் கொப்பி இருந்தால் பத்து நிமிடச் சந்திப்பு வீணாகாது.

படி 4: நித்திரை

எதை முதலில் பிடிப்பது என்று கேட்டால் என் பதில் நித்திரை. அது சரியாகாமல் மற்ற எதுவும் நின்று பிடிக்காது. எழும்பும் நேரத்தை முதலில் கட்டுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஐந்தரை என்றால் ஐந்தரைதான். பகல் நித்திரை அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். பின்னேரத் தேத்தண்ணியைப் பாதியாக்குங்கள், இரவுத் தேத்தண்ணியை நிறுத்துங்கள். இருபது நிமிடம் புரண்டும் நித்திரை வரவில்லை என்றால் பாயை விட்டு எழும்பி மங்கல் வெளிச்சத்தில் இருங்கள், நித்திரை வந்த பிறகு திரும்புங்கள்.

காவல் கடமையில் வருடக்கணக்காக இருந்தவர்களின் உடம்பு இரவில் விழித்திருக்கப் பழகியது. அதை மாற்ற ஆறு வாரமாவது எடுக்கும். நித்திரைக் குளிசையை நீண்டகாலம் போடுவது கவனத்தையும் ஞாபகத்தையும் இன்னும் மழுக்கும், வைத்தியர் குறுகிய காலத்துக்குத் தந்தால் அந்தக் காலத்தோடு முடிந்துவிட வேண்டும். பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் உண்டென்றால் மனைவி அதை ஒரு நிமிடம் போனில் ஒலிப்பதிவு செய்து வைத்தியருக்குக் கேட்கவைக்கட்டும். கெட்ட கனவில் கத்தி எழும்புகிறவர் அதையும் மறைக்கக்கூடாது, அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

படி 5: தலையிடியும் குளிசைக் கணக்கும்

சாதாரண வலிக்குளிசையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், அந்தக் குளிசையே தலையிடிக்குக் காரணமாகலாம். கலவைக் குளிசைகளுக்கும் கடும் வலிநிவாரணிகளுக்கும் இந்த எல்லை மாதத்தில் 10 நாள்தான். அந்த மூதூர்க்காரர் நாள் தவறாமல் நாலு பனடோல் போட்டுவந்தவர். வைத்தியரின் சொல்லோடு குறைத்தபோது முதல் பத்து நாள் தலையிடி கூடியது. அது வரும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் கொப்பியில் 8, 8, 7 என்று எழுதிக்கொண்டே தாக்குப்பிடித்தார். பிறகு 5, பிறகு 3.

தலையிடி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பிடரியில் தொடங்கி முன்னால் வந்தால், கழுத்தைத் திருப்பும்போது கூடினால், அதில் கழுத்துக்குப் பங்கு உண்டு. ஒரு பக்கம் விண் விண்ணென்று இடித்து, குமட்டலோடு, வெளிச்சம் கூசினால் மைக்ரேன் வகை. அதற்குத் தடுப்பு மருந்து வேறு, வைத்தியரிடம் கேளுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தண்ணீர் போதாமலே தலையிடி வரும், போத்தலோடு திரியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தலைமயிர் வெட்டும் கடையில் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிக்கவிடாதீர்கள். எண்ணெய் தேய்ப்பதில் பிழையில்லை, சுகமாயும் இருக்கும். அதிர்ந்த கழுத்தைத் திருகுவது கழுத்து இரத்தக் குழாயைக் கிழிக்கும் அளவுக்குக்கூடப் போகலாம்.

படி 6: தலைச்சுற்றும் கண்ணும்

என் வேலையில் மிக விரைவாகப் பலன் தெரியும் பகுதி இது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பாயில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறதா? உட்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் சாய்த்து அவற்றைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடும் எப்லி முறை இருக்கிறது. பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் தலைச்சுற்றுக் குளிசை போட்டு வந்தவர் பத்து நிமிடத்தில் எழும்பி நடந்து, நம்ப முடியாமல் திரும்பிப் பார்ப்பார். கழுத்தைச் சோதித்த பிறகு, தெரிந்தவர்தான் இதைச் செய்யவேண்டும்.

சுழல்வதில்லை, ஆனால் தலையைத் திருப்பினால் பார்வை வழுக்குகிறது, சனக்கூட்டத்தில் நின்றால் தள்ளாடுகிறது என்றால் பயிற்சி வேறு. ஒரு கார்டில் 'அ' என்று பெரிதாக எழுதிச் சுவரில் கண் மட்டத்துக்கு ஒட்டுங்கள். ஒரு மீற்றர் தள்ளி, பின்னால் கதிரை வைத்து நில்லுங்கள். 'அ' தெளிவாகத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், தலை மட்டும் 'இல்லை' என்பதுபோல் இடமும் வலமும் மெல்ல அசையவேண்டும். எழுத்து மங்கினால் வேகம் கூடிவிட்டது. முதலில் 30 விநாடி, நாளுக்கு மூன்று தடவை. ஒரு வாரத்தில் ஒரு நிமிடம். பிறகு 'ஓம்' என்பதுபோல் மேலும் கீழும்.

மூதூர்க்காரர் முதல் நாள் பதினைந்தாவது விநாடியில் கதிரையைப் பிடித்துக்கொண்டார். நெற்றி வியர்த்துவிட்டது. "கடல்ல நிக்கிற மாதிரி இருக்கு மிஸ்" என்றார். "சரி அண்ணா, இருங்கோ, எவ்வளவு நேரத்தில அடங்குதெண்டு பாப்பம்" என்று மணிக்கூட்டைப் பார்த்தோம். ஏழு நிமிடம் எடுத்தது. அந்த ஏழைக் கொப்பியில் எழுதினோம். மூன்று வாரத்துக்குப் பிறகு அதே இடத்தில் ஒரு நிமிடம் அசைத்து, இருபது விநாடியில் அடங்கியது.

கண்ணுக்கு ஒரு பேனை போதும். கையை நீட்டிப் பேனை நுனியைப் பார்த்தபடி மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். மூக்கிலிருந்து ஆறு சென்ரிமீற்றர் வரையாவது ஒரு நுனியாகவே தெரிய வேண்டும். பதினைந்திலேயே இரண்டாகத் தெரிந்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து உள்வாங்குவதில் குறை இருக்கிறது. வாசித்தால் தலையிடி வருவதற்கும் போன் பார்த்தால் குமட்டுவதற்கும் அதுவே காரணமாகலாம், கண் கிளினிக்கில் சொல்லுங்கள். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகி வெளிச்சக் கூச்சம் இன்னும் கூடும். மத்தியான வெயிலில் கடற்கரையில் நிற்பதற்கு மட்டும் போடலாம்.

படி 7: நடை

அடிபட்டவரை இருட்டறையில் வாரக்கணக்காகப் படுக்கவைப்பது பழைய வழக்கம். முதல் 24 முதல் 48 மணித்தியாலம் அளவான ஓய்வு போதும், அதற்கு மேல் முழு ஓய்வு சுகத்தைப் பிந்தவைக்கும் என்பதில் விளையாட்டு மருத்துவமும் இராணுவ மருத்துவமும் இன்று ஒத்துப்போகின்றன. அசைவு மருந்துதான், ஆனால் அளவு முக்கியம்.

அளவுக்கு ஒரு விதி: நடக்கும்போது தலையிடி தொடங்கிய புள்ளியைவிட இரண்டுக்கு மேல் ஏறக்கூடாது, ஏறியது ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நாளைக்குக் குறைத்து நடக்க வேண்டும், நிறுத்தக்கூடாது. நாடி பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் நுட்பமாகச் செய்யலாம். எந்த நாடித் துடிப்பில் தொந்தரவு கூடுகிறதோ அதன் 80 முதல் 90 சதவீதத்தில் நடக்க வேண்டும். 130 இல் கூடினால் 104 முதல் 117 வரை. நாளுக்கு 20 நிமிடம், வாரத்தில் ஐந்து ஆறு நாள். அமெரிக்காவின் பபலோ நகரில் ஜோன் லெடி என்ற வைத்தியரும் அவர் குழுவும் ஓடுபொறியில் வளர்த்தெடுத்த முறை இது, நமக்குத் தெருவே போதும்.

கிண்ணியாக்காரர்களுக்கு நான் பாலத்தைத்தான் அளவாகச் சொல்வது. 2009 இல் திறந்த அந்தப் பாலம் 400 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. விடியற்காலையில் போய்த் திரும்பினால் முக்கால் கிலோமீற்றருக்குச் சற்று மேல், வெயில் இல்லை, வாகனம் குறைவு. பட்டினத்தவர்கள் கடற்கரையில் தட்டையான, ஈரமான மணலில் தொடங்கலாம். காய்ந்த மணல் கால் புதைந்து சமநிலையைச் சோதிக்கும், அது இரண்டாம் மாதத்துக்கு. கோட்டை வாசலிலிருந்து மான்கள் மேய்கிற வளாகத்தினூடாகக் கோணேஸ்வரத்துக்கு ஏறுவது மூன்றாம் கட்டம். ஏற்றமும் உண்டு, பூசை நேரத்தில் மணியோசையும் சனமும் உண்டு. முதலில் பூசையில்லாத நேரம் போங்கள், பிறகு பூசைக்கு. சத்தத்தைத் தாங்கும் பயிற்சியும் அதோடு நடந்துவிடும்.

எழும்பி நிற்கும்போதே கண் இருட்டி நெஞ்சு படபடத்தால் நடைக்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள். நாடியையும் இரத்த அழுத்தத்தையும் தானாகவே நடத்தும் தன்னியக்க நரம்புகள் இன்னும் சீராகவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம்.

படி 8: மறதி

பலருக்கு மறதி என்று தோன்றுவது உண்மையில் கவனக் குறைவு. பெட்டிக்குள் போடாத காசைப் பெட்டியில் தேடி என்ன பயன்? ஒருவர் சொல்வது உள்ளே பதியவேயில்லை என்றால் பிறகு ஞாபகம் வராது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வேலை. பேசும்போது ரீவி நிற்க வேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சாவி, கண்ணாடி, அடையாள அட்டை மூன்றுக்கும் ஒரே தட்டு. மருந்துக்குப் போன் அலாரம். இருபது நிமிட வேலை, ஐந்து நிமிட ஓய்வு. முக்கியமான கணக்கும் கடிதமும் காலையில். தொழில்வழிச் சிகிச்சையாளரும் பேச்சுச் சிகிச்சையாளரும் இதை உங்கள் வேலைக்கு ஏற்ப அமைத்துத் தருவார்கள். மூளைக்குப் பயிற்சி என்று விற்கிற போன் விளையாட்டுகளை நான் சொல்வதில்லை. அதில் கெட்டிக்காரராகிறவர் அந்த விளையாட்டில்தான் கெட்டிக்காரராகிறார்.

அதிக அழுத்த ஒட்சிசன் அறையைப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்கப் படையினரிடம் நடந்த சோதனைகளில், பொய்யாக அறைக்குள் இருத்தப்பட்டவர்களும் உண்மையாகப் பெற்றவர்கள் அளவுக்கே தேறினார்கள். அதற்காகக் காணி ஈடு வைக்காதீர்கள்.

படி 9: மனமும் வீடும்

உளநலப் பிரிவுக்குக் கடிதம் தரும்போது "எனக்கென்ன விசரோ?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் வெடியைக் கண்ட மூளையும் வெடியைக் கண்ட மனமும் ஒரே தலைக்குள்தான் இருக்கின்றன. பட்டாசு வெடித்தால் நிலத்தில் விழுந்து படுப்பது, பழைய காட்சி கண்முன் வருவது, சனத்தை விட்டு ஒதுங்குவது, காரணமில்லாமல் சீறுவது எல்லாவற்றுக்கும் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. இதைச் சரி செய்யும்போது தலையிடியும் நித்திரையும் சேர்ந்து தேறுவதை அடிக்கடி காண்கிறோம். அடிபட்டுப் பதினைந்து இருபது வருடம் ஆனவர்களுக்கு இந்தப் படிதான் பெரும்பாலும் கதவைத் திறக்கிறது.

கோபத்துக்கு வீட்டில் ஓர் அடையாளம் வையுங்கள். அந்த மூதூர் வீட்டில், அவர் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனால் இருபது நிமிடம் யாரும் பின்னால் போகக்கூடாது என்பது ஒப்பந்தம். சின்ன மகளுக்கும் அது தெரியும். சாராயம் வேண்டாம். அடிபட்ட மூளைக்கு அரைப்போத்தலும் முழுப்போத்தலாக வேலை செய்யும், நித்திரையையும் உடைக்கும்.

"இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு வந்தால் நேரடியாகக் கேளுங்கள்: "சாகவேணும் போல இருக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஓம் என்றால் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினியை வீட்டை விட்டு அகற்றுங்கள், குளிசைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 1926 தேசிய உளநல உதவி இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். அல்லது நேரே ஆஸ்பத்திரிக்கு.

படி 10: வேலைக்குத் திரும்புதல்

அமெரிக்கப் படையின் நடைமுறையில் இதற்கு ஆறு கட்டம்: அளவான ஓய்வு, தொந்தரவு கூடாத அளவு அன்றாட வேலை, இலேசான அசைவு, நடுத்தரம், கடும் உழைப்பு, முழுக் கடமை. ஒரு கட்டத்தில் தொந்தரவு இல்லாமல் நின்ற பிறகுதான் அடுத்தது. புது அடிக்கு அது நாட்கணக்கில் நகரும், மாதக்கணக்கான தொந்தரவுக்கு வாரக்கணக்கில் நகரும்.

முதலாளிக்குக் கொடுக்கும் கடிதத்தில் 'இலகு வேலை' என்று மட்டும் இருந்தால் பயனில்லை. 'பகல் மட்டும், நாலு மணித்தியாலம், 10 கிலோவுக்கு மேல் தூக்காமல், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 15 நிமிட ஓய்வு, இரண்டு வாரத்துக்கு' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். காவல் வேலைக்காரர் இரவு முறைக்குக் கடைசியாகத்தான் திரும்ப வேண்டும். கடலுக்குப் போகிறவர் தனியே போகக்கூடாது. முதல் மாதம் கரைவேலை, பிறகு அமைதியான நாளில் பகலில், துணையோடு. மோட்டார் சைக்கிளுக்கு என் சோதனை இது: நின்றபடி இரண்டு தோளுக்கும் மேலால் வேகமாகத் திரும்பிப் பார்க்கும்போது பார்வை வழுக்கினால் சாவி வீட்டில் இருக்கட்டும்.

கண்ணிவெடி வேலைக்கும் சுடுபயிற்சிக்கும் வேறு கணக்கு. முழங்காலில் குனிந்து, முகக்கவசத்துக்குள் வெக்கையில், காதில் கருவி கத்த, மணித்தியாலக்கணக்கில் ஒரே இடத்தைப் பார்க்கும் வேலை அது. இங்கே ஒரு கவனப் பிசகு உயிரை எடுக்கும். தொந்தரவு முழுதாக அடங்கி வைத்தியர் எழுத்தில் தரும்வரை வேண்டாம். தேறாத மூளைக்கு இன்னொரு அதிர்வு வந்தால் முன்னைவிட நாள் எடுக்கும். மூதூர்க்காரர் அந்த வேலைக்குத் திரும்பவில்லை. இப்போது அதே அணிக்குக் களஞ்சியக் கணக்கு பார்க்கிறார், காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் கொப்பியில் எண்கள் அசையவில்லை என்றால் உங்களில் குறை தேடாதீர்கள், வைத்தியரிடம் திரும்பப் போங்கள். தவறவிட்டது ஒன்று இருக்கும்: மூச்சு நிற்கும் நித்திரைக் கோளாறு, தைரொயிட் அல்லது பிட்யூட்டரிச் சுரப்பிக் குறை, இரத்தச்சோகை, கேள்திறன், யாருக்கும் சொல்லாத துயரம். கொப்பி முடிந்து புதிது வாங்கினாலும் பழையதை எறிந்துவிடாதீர்கள். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள், முதல் பக்கத்தை அவர்கள் திரும்பவும் கேட்பார்கள்.